கன்னத்துச் சிவப்பு: ஒரு ரொகோகோ உருவப்படத்தைச் சுத்தம் செய்தபோது நடந்தது

பிரான்ஸில் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், ரொகோகோ என்று சொல்லும் நளினமான அலங்காரப் பாணியில், எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ஒரு பெண்ணின் படம், நான் வேலை பார்க்கும் பாரிஸ் பட்டறைக்குள் வந்ததிலிருந்து ஏழு மாதம் கழித்து வெளியே போனது வரை நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சொந்தக்காரர்களின் அடையாளம் தெரியும்படியான விவரங்களை விட்டுவிட்டேன். பிழை ஒன்றும் நடந்தது, அதைச் செய்தது என் கைதான், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

படத்தைக் கொண்டுவந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அத்தை இறந்ததும் இவருக்கும் இவருடைய தம்பிக்கும் பொதுவாக வந்த சொத்து அது. அத்தை வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொங்கிய படம், சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அந்த முகம் மனப்பாடம் ஆகிவிட்டது என்றார். "எங்கள் வீட்டிலேயே நாசூக்கான பெண் இவள்தான்" என்று அத்தை சொல்வாராம்.

அக்காவுக்கு அழுக்குப் போனால் போதும். தம்பிக்கு விற்க வேண்டும். படம் ழான் மார்க் நாத்தியே வரைந்தது என்று குடும்பத்தில் பேச்சு, நாத்தியே என்றால் பிரான்ஸ் அரசர் பதினைந்தாம் லூயியின் மகள்களை எல்லாம் வரைந்தவர், ஆகவே விலை எங்கேயோ போகும் என்று தம்பி கணக்குப் போட்டிருந்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் வேண்டியது ஒன்றில்லை என்பதை அன்றைக்கே நாங்கள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. "வார்னிஷ் நீக்கிச் சுத்தம் செய்தல்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

முதல் பார்வையில் கண்டது

கித்தான் 81 சென்டிமீட்டர் உயரம், 65 அகலம். பிரான்ஸில் 25-ஆம் எண் என்று வழங்கும் அளவு. பெண் லேசாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள், சாம்பல் கலந்த நீலத் துணி ஒரு தோளிலிருந்து சரிகிறது, மடியில் ரோஜா மாலை, தலைமுடியில் வெள்ளைப் பொடி. பூக்களின் தேவதை ஃப்ளோராவின் வேடம். சீமாட்டிகள் இப்படி தேவதை வேடத்தில் படத்துக்கு உட்காருவது அன்றைக்கு வழக்கம்தான், அரசரின் மகள் ஆன்ரியெத்தையே நாத்தியே 1742-இல் ஃப்ளோராவாக வரைந்திருக்கிறார்.

வார்னிஷ் தேநீர் நிறத்துக்கு மஞ்சளித்திருந்தது. பழைய கித்தானுக்குப் பின்னால் இன்னொரு கித்தானை மாவுப் பசையால் ஒட்டியிருந்தார்கள், பிரான்ஸில் நெடுங்காலம் செய்துவந்த முறை அது. அந்த ஒட்டுக் கித்தானின் முதுகில் சாய்ந்த கையெழுத்தில் ஒரு சீமாட்டியின் பெயரும் "நாத்தியே" என்ற சொல்லும் இருந்தன. ஒட்டுக் கித்தானே படத்துக்குப் பிந்தியது, அதன்மேல் எழுதியது இன்னும் பிந்தியது, ஆக அந்த எழுத்தை நாங்கள் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

படம் பழையதுதானா என்பதில் சந்தேகம் அதிகம் இல்லை. ஓரத்தில் வண்ணம் உதிர்ந்த ஓர் இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது கீழே செங்காவி அடிப்பூச்சு, அதன்மேல் சாம்பல் நிற அடிப்பூச்சு என்று இரண்டு படுகை தெரிந்தது. அக்காலத்துப் பிரெஞ்சு கித்தான்களில் அடிக்கடி காணும் சேர்க்கை இது.

அப்புறம் அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கில் பார்த்தோம். படம் முழுக்க ஒரே பச்சை மூட்டம். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் அந்த விளக்கில் அப்படித்தான் ஒளிரும். பின்னாளில் வேறு கை வண்ணம் தொட்ட இடங்கள் கருந்திட்டாகத் தெரியும் என்று தேடினோம், ஓரங்களில் இரண்டு மூன்று மட்டும் கிடைத்தன. முகத்தில் எதுவும் இல்லை. குறிப்பேட்டில் நான் எழுதியது: "முகம் தொடப்படாதது." மூட்டம் அவ்வளவு தடிமனாக இருந்தால் அது தனக்குக் கீழே இருப்பதையும் மறைக்கும் என்பது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. இருந்தும் அப்படித்தான் எழுதினேன்.

வார்னிஷை எடுக்கத் தொடங்கியது, ரோஜாவில் நடந்த பிழை

பின்புலத்திலும் நீலத் துணியிலும் சோதித்துப் பார்த்ததில் ஐசோப்ரொப்பனாலும் ஐசோஆக்டேனும் கலந்த கரைப்பான் வார்னிஷை மட்டும் அழகாக எடுத்தது. குச்சியில் சுற்றிய பஞ்சை உருட்ட உருட்டப் பஞ்சு பழுப்பாகும், கீழே நீலம் குளிர்ச்சியாக வெளியே வரும். இந்த வேலையில் மனசு குளிர்கிற நேரம் அதுதான். கவனம் குறைகிற நேரமும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ரோஜா மாலைக்கு வந்தபோது வார்னிஷ் அங்கே கொஞ்சம் பிடிவாதமாக இருந்தது. கரைப்பானை ஒரு படி வலுவாக்கினேன். அந்த வலுவான கலவையைத் தனியாகச் சோதிக்கவில்லை. மூன்றாவது உருட்டலில் பஞ்சைத் திருப்பிப் பார்த்தால் பழுப்புக்கு நடுவில் இளஞ்சிவப்பு.

உடனே நிறுத்திவிட்டேன். போனது ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நீளம், மூன்று அகலம். ஓர் இதழின் மடிப்பில் நிழலுக்காகப் போட்டிருந்த சிவப்பு மென்பூச்சு, கண்ணாடிபோல் மெல்லியது. கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம் போன்றவற்றால் செய்த இந்த லேக் சிவப்புகள் பிசினோடு சேர்ந்திருந்தால் கரைப்பானுக்குச் சட்டென்று மசியும், வெளிச்சத்திலும் வெளிறும். மரச்சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஓரத்தில் மாலையின் கடைசி ரோஜா ஒன்று பாதி ஒளிந்திருந்தது: சட்டத்துக்கு வெளியே இருந்த பாதி வெளிறிய ரோஜா நிறம், உள்ளே இருந்த பாதி பழுத்த மாதுளை முத்தின் சிவப்பு. நடுவில் கோடு போட்டதுபோல் பிரிவு. படம் முதலில் எவ்வளவு சிவப்பாக இருந்தது என்பதற்கு அந்த ஒரு விரல் அகல ஓரம்தான் மிச்சம் இருந்த சாட்சி. சட்டத்தைக் கழற்றிய அன்றைக்கே அதைப் பார்த்தவன் நான், கவனித்தது பிழை நடந்த பிறகுதான்.

எங்கள் பட்டறைத் தலைவி அன்று மாலையே அக்காவுக்கும் தம்பிக்கும் நடந்ததைப் புகைப்படத்தோடு எழுதிவிட்டார். யாரும் பார்க்க மாட்டார்கள், லேசாகச் சரிசெய்து விட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது உண்மை. அவர் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. ரோஜாக்களில் கடைசி மெல்லிய வார்னிஷை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவானது.

மறுபடியும் இருட்டறை

முகத்தில் வார்னிஷ் பாதி மெலிந்ததும், பிழைக்குப் பிறகு வந்த பயத்தில், மறுபடி விளக்கைப் போட்டுப் பார்த்தோம். இப்போது கழுத்து ஒரு மாதிரி, முகம் வேறு மாதிரி. கன்னம், தாடை, கண்ணைச் சுற்றிய பகுதி எல்லாம் மஞ்சள் பச்சையாகப் பளிச்சிட்டன. துத்தநாக வெள்ளை இப்படி ஒளிரும். ஈய வெள்ளை ஒளிராது.

வண்ணத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். கழுத்தில் ஈயம் மட்டும். முகத்தில் ஈயத்தோடு துத்தநாகம். துத்தநாக வெள்ளை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் எண்ணெய் ஓவியத்தில் புழங்கவில்லை, ஆகவே இந்த முகத்தின் மேல்தோலை நாத்தியே மட்டுமல்ல, அவர் காலத்து ஆள் எவரும் போட்டிருக்க முடியாது. இரண்டு கன்னங்களிலும் இன்னொன்றும் வந்தது: பாதரசம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்ததுதான் சாதிலிங்கம் என்னும் பளிச்சென்ற சிவப்பு. வெளியே வெளிறிய ரோஜாப்பூ போன்ற கன்னம், அடியில் எங்கேயோ நிறையச் சாதிலிங்கம்.

தாடை ஓரத்தில் பழைய வெடிப்பு ஒன்றின் விளிம்பிலிருந்து குண்டூசித் தலையைவிடச் சிறிய துணுக்கு எடுத்துப் பிசினில் பதித்துக் குறுக்காகப் பார்த்தோம். செங்காவி, சாம்பல், தோல் நிறம், அதற்குமேல் அழுக்கேறிய ஒரு வார்னிஷ், அதற்குமேல் இன்னொரு தோல் நிறம், பிறகு நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த வார்னிஷ். இரண்டு தோல் நிறங்களுக்கு நடுவே அழுக்கு உட்காரும் அளவுக்குக் காலம் ஓடியிருக்கிறது.

கன்னத்தில் இரண்டு சென்டிமீட்டர்

உரிமையாளர்கள் இருவரையும் கேட்டு, வலது கன்னத்தில் இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தை மட்டும் திறந்து பார்த்தோம். நடுவில் இருந்த அந்த அழுக்கு வார்னிஷ்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. கூழ்போன்ற கரைப்பானை வைத்து அதை இளக்கினால், மேல்வண்ணம் தன் பிடியை இழந்து சிறு செதில்களாக எழும்பும், உருப்பெருக்கியின் கீழ் கத்தி முனையால் அவற்றை எடுக்கலாம். கீழே இருக்கும் பழைய வண்ணத்தில் கரைப்பான் நேரே படுவது குறைவு.

வெளியே வந்தது சிவப்பு. நாணத்தின் சிவப்பு இல்லை, பொட்டு வைத்ததுபோல் வட்டமான, கூச்சமே இல்லாத சிவப்பு. ரூஜ், கன்னத்துக்குப் பூசும் ஒப்பனைச் சிவப்பு.

அக்கா நேரில் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது நாடகக்காரி முகம்போல் இருக்கிறது, மூடிவிடுங்கள்" என்றார்.

கோபம் வந்தவரிடம் கலை வரலாற்றுப் பாடம் எடுப்பது அபத்தம், ஆனாலும் ஒரு படத்தை மட்டும் எடுத்துக் காட்டினோம். அதே காலத்து ஓவியர் பூஷே வரைந்த பொம்பதூர் சீமாட்டி, அமெரிக்காவில் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில் இருப்பது. அலங்கார மேசை முன் உட்கார்ந்து ஒரு கையில் ரூஜ் டப்பா, இன்னொரு கையில் தூரிகை, மணிக்கட்டில் அரசரின் உருவம் பதித்த வளை. அரசரின் காதலி, பிரான்ஸே நாகரிகத்துக்கு எடுத்துக்காட்டாகப் பார்த்தவர், தன்னை வரையச் சொல்லித் தேர்ந்தெடுத்த தோற்றம் முகத்துக்குச் சிவப்பு பூசிக்கொள்வது. வெர்சாய் அரண்மனையில் ரூஜ் என்பது பூசியது தெரியாமல் பூசுவது இல்லை, தெரியும்படி பூசுவதுதான் அந்தஸ்து. அதைச் சாமர்த்தியமாக மறைப்பதை நாசூக்கு என்று சொன்னது அடுத்த நூற்றாண்டு. மூன்றாம் நெப்போலியன் ஆண்ட 1852 முதல் 1870 வரையிலான காலத்தில் 18-ஆம் நூற்றாண்டுப் படங்களுக்கு மறுபடி மவுசு வந்தது, அவர் மனைவி பேரரசி யூஜெனிக்கு 18-ஆம் நூற்றாண்டு அரசி மரி அந்துவானெத் மீது இருந்த பிரியமும் அதற்கு ஒரு காரணம். மவுசு வந்ததுதான், ஆனால் வரவேற்பறையில் மாட்ட வேண்டிய பெண் அந்தக் காலத்துக் கண்ணுக்கு ஏற்ற மாதிரி வெட்கப்பட வேண்டியிருந்தது. அத்தை சொன்ன நாசூக்கு, பெயர் தெரியாத ஒரு 19-ஆம் நூற்றாண்டுக் கைக்காரருடையது.

அக்கா கேட்டுக்கொண்டார். அவர் மனம் மாறியது என்று சொல்ல மாட்டேன்.

மூன்று வாரப் பேச்சும் முடிவும்

வழிகள் மூன்று இருந்தன. திறந்த சதுரத்தை மூடி, மேல்வண்ணத்தை வைத்துக்கொண்டு புது வார்னிஷ் மட்டும் போடுவது. மேல்வண்ணத்தை முழுக்க எடுப்பது. எடுத்துவிட்டு, ரூஜை மட்டும் கழுவி எடுக்கக்கூடிய வண்ணத்தால் கொஞ்சம் தணிப்பது.

மூன்றாவதைத் தலைவி முதல் நாளே தள்ளினார், நாமும் அந்த 19-ஆம் நூற்றாண்டு ஆள் செய்ததையே செய்ய வேண்டாம் என்று. முதலாவது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை, மேல்வண்ணத்துக்கும் நூற்றைம்பது வயசு, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் அது ஏற்கெனவே சாம்பல் பூத்துத் தனியாக வெடிக்கத் தொடங்கியிருந்தது, கழுத்தைச் சுத்தம் செய்த பிறகு முகமும் கழுத்தும் இரண்டு வேறு ஆட்களுடையதுபோல் நின்றன. சதுரத்தில் பார்த்த வரை அடியில் இருந்த வண்ணம் நல்ல நிலையில் இருந்தது. தம்பி முழுக்க எடுக்கச் சொன்னார், அசல் முகம் என்றால் விலை கூடும் என்பது அவர் காரணம். அக்கா கடைசியில், "பாதியில் நிற்பதைவிட முடித்துவிடுங்கள்" என்று ஒப்புதல் எழுதினார். சம்மதத்துக்கும் சலிப்புக்கும் நடுவில் இருந்த கையெழுத்து அது. எடுப்பதற்கு முன் எல்லா ஒளியிலும் முகத்தைப் படம் எடுத்தோம், மேல்வண்ணத்தின் துணுக்குகளைப் பிசினில் பதித்து வைத்தோம்.

கீழே இருந்தது

ஆறு வாரம் பிடித்தது. வந்த பெண் நாற்பதை நெருங்கியவள். தாடைக்குக் கீழே லேசான இரட்டை மடிப்பு, மூக்கு கொஞ்சம் நீளம், உதடு மெலிது. பார்வை மட்டும் முன்பைவிடக் கூர்மை, மேல்வண்ணக்காரர் இமையைத் தாழ்த்தி அதையும் சாதுவாக்கியிருந்தார். நாத்தியே அழகில்லாத பெண்ணையும் சாயல் கெடாமல் வரைவார், படத்தைப் பார்ப்பவர்களோ அவளை அழகி என்பார்கள் என்று அதே நூற்றாண்டில் வாழ்ந்த காசனோவா எழுதி வைத்திருக்கிறார். இந்த ஓவியருக்கு அந்த ஜாலம் பாதிதான் வாய்த்திருந்தது.

இதில் எங்களை வாயடைக்க வைத்த ஒன்றும் இருந்தது. இடது கண்ணிமையிலும் நெற்றியோரத்திலும் பழைய வண்ணம் தேய்ந்து சாம்பல் அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது. யாரோ எப்போதோ கடுமையாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். ஆக, மேல்வண்ணம் போட்டவர் அழகாக்க மட்டும் போடவில்லை, முதலில் ஒரு காயத்தை மூடத்தான் தூரிகையைத் தொட்டிருக்கிறார், கை நிற்காமல் கன்னம் வரைக்கும் போயிருக்கிறது. மூன்று வாரமாக அவரை நாங்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். ரோஜாவில் நான் செய்ததை நினைத்ததும் கிண்டலை நிறுத்திக்கொண்டேன்.

தேய்ந்த இடங்களுக்கும் என் நான்கு மில்லிமீட்டருக்கும் ஒரே சிகிச்சைதான்: முதலில் வார்னிஷ், அதன்மேல் எப்போது வேண்டுமானாலும் கழுவி எடுக்கக்கூடிய வண்ணம், குறை இருக்கும் இடத்துக்கு வெளியே ஒரு புள்ளிகூடப் போகாமல்.

பிறகு

ஏலத்துக்காக வந்து பார்த்த நிபுணர் நாத்தியே இல்லை என்றார், நீலத் துணியின் மடிப்புகளைப் பார்த்த ஐந்து நிமிடத்தில். பிரான்ஸில் இந்தச் சொற்களோடு விளையாட முடியாது. 1981 மார்ச் 3-ஆம் தேதி ஆணையின்படி "இன்னாருடையதாகக் கருதப்படுவது" என்று எழுதினால் அந்த ஓவியர் காலத்துப் படம் என்ற உத்தரவாதமும் அவரே வரைந்திருக்கலாம் என்பதற்கு வலுவான காரணமும் வேண்டும், "இன்னார் பாணியில்" என்று எழுதினால் எந்த உத்தரவாதமும் கிடையாது. இந்தப் படத்துக்கு அவர் தரத் தயாராக இருந்த வரி, "18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பள்ளி", பள்ளி என்றால் இங்கே ஓவிய மரபு. நூற்றாண்டுக்கு உத்தரவாதம், ஆளுக்கு இல்லை.

நாளைக்கு வேறு நிபுணர் நாத்தியே என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று தம்பி கேட்டார். அதே நூற்றாண்டு ஓவியர் ஃப்ராகொனாரின் 'தாழ்ப்பாள்' படம் 1933-இல் அவருடையதாகக் கருதப்படுவது என்று விற்பனையானது, பிறகு அவருடையதுதான் என்று உறுதியானது, விற்றவரின் வாரிசுகள் விற்பனையை ரத்து செய்யக் கேட்டு வழக்காடினார்கள், 1987-இல் உச்ச மேல்முறையீட்டு மன்றம் மறுத்துவிட்டது, சந்தேகத்தை இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டுதான் விற்றார்கள் வாங்கினார்கள் என்று. தம்பி முகம் விழுந்துவிட்டது.

விற்பனை நடக்கவில்லை. நிபுணர் சொன்ன மதிப்பில் பாதியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியே படத்தை வைத்துக்கொண்டார், விலைக்காக எடுக்கச் சொன்னவருக்கு அந்த முகம் பிடித்துப்போனது யாரும் எதிர்பார்க்காதது. அக்கா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று, மேல்வண்ணத்தோடு எடுத்த அந்தப் பழைய புகைப்படத்தின் பெரிய அச்சு. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம்.

இப்போது மாற்றிச் செய்வது

முகத்தைப் பற்றி முதல் புற ஊதாப் படத்தை வைத்து எதுவும் எழுதுவதில்லை. வார்னிஷ் மெலிந்த பிறகு இரண்டாவது படம் எடுக்கும்வரை குறிப்பேட்டில் அந்த வரி காலியாக இருக்கும். ஒளிர்வுக் கருவியைச் சிக்கல் வந்த பிறகு தேடாமல், உருவப்படம் என்றால் முதல் வாரத்திலேயே வாடகைக்கு எடுக்கிறோம், அன்றைக்கே கன்னத்தில் பாதரசத்தைப் பார்த்திருந்தால் ரூஜ் இருக்கலாம் என்று அக்காவிடம் சதுரத்தைத் திறப்பதற்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

கரைப்பானை ஒரு சொட்டு மாற்றினாலும் மறுபடி சோதனை, அதுவும் சட்டம் மறைக்கும் ஓரத்தில். சிவப்பாகத் தெரியும் எதையும் கடைசியில்தான் தொடுகிறேன்.

கையெழுத்துத் தாளும் மாறியிருக்கிறது. உரிமையாளர் இருவர் என்றால் இருவரும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும், படத்தில் எது மாறினால் தாங்க முடியாது என்று. போன மாதம் வந்த ஒரு பெரியவர் தன் தாத்தாவின் படத்துக்கு அந்தக் கட்டத்தில் "மீசை" என்று எழுதினார். விளக்கில் பார்த்தோம், மீசை பின்னால் போட்டது. அவரிடம் சொல்லிவிட்டோம், இன்னும் பதில் வரவில்லை, படம் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.